சந்தேகிக்கப்படும் மருந்து

அப்பா போய் இருபத்தாறு நாள் ஆகிறது. சின்னவள் இன்னும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது குடும்பத்துக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

இந்தக் குடும்பத்தின் கதையோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் வந்து பக்கத்தில் உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அப்பா தபால்காரர். முப்பத்து நாலு வருடம் நடந்தே தேய்ந்த கால். பெரியவள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். சின்னவள் பார்மசி கல்லூரியில் ஆசிரியை. இருவருக்கும் இளையவனான தம்பி, மொத்த வியாபாரியிடமிருந்து கடைகளுக்கு மருந்துப் பெட்டிகள் கொண்டுபோய்ப் போடும் வேன் ஓட்டுகிறான். ஒரு குடும்பமே மருந்தைச் சுற்றி நின்றது. அப்படியிருந்தும் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, வாய் புண்ணாகி, தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துபோயிற்று.

சின்னவள் அப்போது வெளியூரில் ஒரு பயிற்சியில் இருந்தாள். வந்து சேர்ந்தது ஆறாம் நாள். அப்பா பேசும் நிலையில் இல்லை. என்ன மருந்து சாப்பிட்டார் என்று அக்காவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். காய்ச்சல் மாத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை என்றாள் அக்கா. அத்தோடு சரி.

இன்று காலை குளிக்கப் போனவள், பக்கெட் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார். இன்னும் ஒரு வாரம் லீவு போடேன் என்றார். பாடம் பாக்கி இருக்கிறது என்றாள். அவர் மேலே பேசவில்லை. இந்த இருபத்தாறு நாளில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மூன்றாவது பீரியட். இறுதியாண்டு. நாற்பத்தொரு பேர்.

மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணித்து அறிக்கை அனுப்புவது பற்றிய பாடம். போன மாதமே மாணவர்களைப் பிரித்து மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியிருந்தாள். வார்டு வார்டாகப் போய், நோயாளிகளின் கோப்பைப் படித்து, மருந்தால் வந்த கோளாறு என்று தோன்றுவதை மஞ்சள் படிவத்தில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இன்று ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும் நாள்.

வழக்கம்போலக் கரும்பலகையில் நாலே நாலு எழுதினாள். நோயாளி யார். என்ன நடந்தது. எந்த மருந்தின் மேல் சந்தேகம். சொல்வது யார். இந்த நாலில் ஒன்று இல்லையென்றாலும் அந்தத் தாளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள்.

"சந்தேகம் இருந்தாலே போதும். இந்த மருந்துதான் காரணம்னு நிரூபிக்கிறது உங்க வேலை இல்ல. யார் தப்புன்னு கண்டுபிடிக்கிறதும் உங்க வேலை இல்ல."

எட்டு வருடமாகச் சொல்லி வருகிற வாக்கியம். வாய் தானாகச் சொன்னது.

முதல் மூவர் வாசித்தார்கள். ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரையால் வறட்டு இருமல். ஒருவருக்குக் கால் வீக்கம். ஓர் அம்மாளுக்கு ஊசி போட்ட இடத்தில் தடிப்பு. நாலாவதாக எழுந்தவள், வகுப்பே கேள்விக்குறி என்று கூப்பிடும் பெண். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். காரணத்தோடு வைத்த பெயர்தான்.

நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் சொல்லவில்லை. ஆண், வயது எழுபத்தொன்று என்று தொடங்கினாள். மூன்று நாள் காய்ச்சல். பிறகு வாயில் புண், கண் சிவந்து ஒட்டிக்கொண்டது. நெஞ்சிலும் முதுகிலும் தோல் உரிந்தது. சேர்த்த ஒன்பதாம் நாள் மரணம்.

"மருந்து ஒவ்வாமைன்னுதான் டாக்டர் முதல்ல எழுதியிருக்கார், மேடம். ஆனா எந்த மருந்துன்னு இல்ல. அந்த இடம் காலி. நாலுல ஒண்ணு இல்லாததால இதைத் தூக்கிப் போட்டுடலாமா?"

சேர்த்த தேதி என்ன என்று சின்னவள் கேட்டாள்.

தேதியைச் சொன்னாள்.

சின்னவள் சாக்பீஸை மேஜை மேல் வைத்தாள். அது உருண்டது. விழுமுன் பிடித்து இன்னொரு தடவை வைத்தாள். குடும்பத்தில் யாரையும் விசாரிக்கவில்லையா என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"விசாரிச்சிருக்காங்க மேடம். ஒரு மாத்திரையும் சாப்பிடலைன்னு மூத்த மகள் சொன்னதா இருக்கு. அவங்களே மருந்தாளுநர்னு பக்கத்துல எழுதியிருக்கார். அதனால டாக்டர் மேல கேக்கல போலிருக்கு."

நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் காய்ச்சல் மாத்திரை என்ற அக்கா, டாக்டரிடம் அதுகூட இல்லை என்றிருக்கிறாள். உள்ளே எங்கேயோ ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல் இருந்ததே தவிர, சின்னவளுக்கு வலி என்று ஒன்றும் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, அக்கா பொய் சொல்லியிருக்கிறாள் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"தூக்கிப் போடாதே. என்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பிறகு பாடத்தை நடத்தினாள். நடத்தினாள் என்பதுதான் எனக்கே ஆச்சரியம். மருந்து சாப்பிட்டாரா என்று குடும்பத்தாரைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்றாள். மூட்டு வலிக்கு என்ன செய்தார், தூக்கம் வராவிட்டால் என்ன போடுவார் என்று வலியிலிருந்து கேட்க வேண்டும். வீட்டு மனுஷர் கையால் வாங்கிச் சாப்பிட்டதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றாள். எங்கள் சித்தப்பா தினம் ஏழு மாத்திரை போட்டுக்கொண்டு, நான் மருந்தே தொடுவதில்லை என்பார் என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். வகுப்பு சிரித்தது. கொஞ்சம் தாமதமாக அவளும் சிரித்தாள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். முதல் பதிலை நம்பாதே என்று எட்டு வருடமாகக் கத்துகிறவள், தன் அப்பா விஷயத்தில் முதல் பதிலோடு திரும்பி வந்திருந்தாள்.

மணி அடித்ததும் எல்லோரும் போனார்கள். கேள்விக்குறி மட்டும் கதவருகே நின்றாள். கோப்பில் இருந்த பெயர் அவளுக்குத் தெரியும். எதையோ எதோடோ இப்போதுதான் பொருத்திப் பார்த்தவள்போல அவள் முகம் மாறியிருந்தது. வாயெடுத்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

மதியம் தம்பியின் வேன் கல்லூரி வாசலில் வந்து நின்றது. அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அக்கா கடைக்குத்தான் இன்று கடைசிப் பெட்டி, ஏறிக்கொள் என்றான்.

வேனுக்குள் அட்டைப்பெட்டி வாசனை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். அப்பாவைப் போலவே அவனுக்கும் பெருவிரல் மூட்டு வீங்கும். பரிசோதித்ததில் யூரிக் அமிலம் கூடுதல் என்று இருவருக்கும் ஒன்றாகவே வந்திருந்தது. அப்பன் சொத்து வேறெதுவும் வரவில்லை, இதாவது வந்ததே என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதை.

அப்பா மருந்து சாப்பிட்டாரா என்று அவள் கேட்கவில்லை.

"அந்தக் கால் வலிக்கு அப்பா என்னடா பண்ணினார்?"

"அக்கா குடுத்த மாத்திரைதான். வெள்ளை மாத்திரை. எனக்கும் அதேதான் குடுத்தா, அஞ்சாறு நாள் போட்டேன்."

ஏன் நிறுத்தினாய் என்றாள்.

அப்பாவை வார்டில் சேர்த்த அன்றைக்கு மத்தியானம் பெரியக்கா போன் செய்தாள் என்றான். கையில் இருக்கிற மாத்திரையை எல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிடு, இனி ஒன்றுகூடப் போடாதே என்றாளாம். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்றாளாம். மாத்திரை போனதிலிருந்து கால் மறுபடி மக்கர் பண்ணுகிறது, வேறு ஏதாவது எழுதித் தரச் சொல்லேன் சின்னக்கா என்று அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

சின்னவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஒரு கையால் தம்பியைக் காப்பாற்றிவிட்டு, இன்னொரு கையால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்.

உடம்பில் எங்கேயாவது தடிப்பு, வாயில் புண், கண் எரிச்சல் எதுவும் வந்ததா என்று தம்பியிடம் கேட்டாள். இல்லை என்றான். நாக்கை நீட்டச் சொன்னாள். வண்டி ஓட்டிக்கொண்டே நீட்டினான். பக்கத்து ஸ்கூட்டர்காரர் முறைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருந்தது. பெரியவள் வெள்ளைக் கோட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, காலாவதி தேதி பார்த்து அட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பெட்டியை இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினான். சின்னவள் கவுன்ட்டர் பலகையைத் தூக்கி உள்ளே போனாள். மஞ்சள் தாளை அக்காவின் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

பெரியவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். யார் எழுதியது என்று கேட்டாள். என் மாணவி என்றாள் சின்னவள். நன்றாக எழுதியிருக்கிறாள் என்றாள் பெரியவள்.

பிரித்து வைத்த அட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

மறுக்கவில்லை பெரியவள். அழவும் இல்லை. ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். பரிசோதனைக் காகிதத்தோடு அப்பா வந்தார். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, வீட்டுக்குள்ளேயே படித்த பெண் இருக்கும்போது எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றார். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையை ஒரு மாதத்துக்குக் கொடுத்தாள். டாக்டர் சீட்டு இல்லை. சிறுநீரகம் எப்படி என்று பார்க்கவில்லை. காய்ச்சல் என்றபோதும் அவளுக்குப் பொறி தட்டவில்லை. வாய்ப் புண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

"நூறு மில்லிகிராம்ல ஆரம்பிக்கணும். நூறு அன்னைக்கு ஸ்டாக் இல்ல. முந்நூறு இருந்தது."

சின்னவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் கேட்டாரே. ஏன் இல்லைன்னு சொன்னே?"

"அம்மா பக்கத்துல நின்னுட்டிருந்தா."

சின்னவளுக்கு உடனே புரியவில்லை.

"தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாதான் அட்டையிலேர்ந்து எடுத்து, தண்ணியோட அவர் கையில குடுப்பா. ஒருநாள்கூட மறந்ததில்ல. நான் ஆமான்னு சொல்லியிருந்தா, அந்த இடத்துலயே அது அம்மா கையால போனதுன்னு ஆயிருக்கும். இல்லைன்னு வந்துடுச்சு. வந்த சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியல."

அந்தப் பொய் அப்பாவைக் கொன்றதா என்று பெரியவள் கேட்டாள். அதைக் கேட்பதற்காக முப்பத்தைந்து நாளாகக் காத்திருந்தவள் போலக் கேட்டாள். சின்னவள் உள்ளதைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை யாரும் தரவில்லை. ஆகவே நீ மறைத்ததால் அவர் உடம்புக்குள் கூடுதலாக ஒன்றும் போகவில்லை. வைத்தியம் மாறியிருக்குமா என்று தெரியாது. மாத்திரைதான் காரணமா என்றால், பெரும்பாலும் ஆம்.

பெரியவள் தலையசைத்தாள். அவளே போட்டு வைத்திருந்த கணக்குத்தான்.

அப்புறம் அவள் சொன்னதுதான் சின்னவள் எதிர்பாராதது. அதே மாத்திரையை அந்த மாதத்தில் சீட்டு இல்லாமல் வாங்கியவர்கள் பத்துப் பேர். காரியங்கள் முடிந்த மறுநாளிலிருந்து, மதியம் கடையைச் சாத்திவிட்டு ஒவ்வொருவர் வீடாகத் தேடிப் போயிருக்கிறாள். தோலைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போகச் சொன்னாள். ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டே போனாள். பாடப்புத்தகத்தில் சொன்ன கண்காணிப்பு அத்தனையும் செய்திருந்தாள். ஒரு வரி எழுதி யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள்.

"ஒருத்தர் கெடைக்கல. பெயின்டர். நகத்துல எல்லாம் நீலப் பெயின்ட். பேர் தெரியாது. வேலை முடிஞ்சு வேற ஊர் போறேன், ரெண்டு மாசத்துக்குச் சேத்துக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனார். அப்பாவைச் சேர்த்ததுக்கு மொத நாள்."

சின்னவள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து வாரம். மாத்திரையைத் தொடங்கி எட்டு வாரம் வரைக்கும் ஆபத்து இருக்கிறது. இந்த நேரம் அவர் எங்கேயோ ஒரு சாரத்தின் மேல் நின்றுகொண்டு சுவருக்கு வெள்ளை பூசிக்கொண்டிருக்கலாம். காய்ச்சல் வந்து சுருண்டு படுத்திருக்கலாம். ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். ஒன்றுமே ஆகாதவர்கள்தான் அதிகம். அதையும் வகுப்பில் சொல்லத்தான் செய்வாள். ஆனால் மருந்தின் பெயரில்லாத ஒரு தாள் போனால் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

படிவத்தை நிரப்ப வேண்டும் என்றாள்.

நீயே எழுதிவிடேன் என்றாள் பெரியவள்.

"நான் எழுதினா அது கேள்விப்பட்டது. நீ எழுதினா பார்த்தது."

கடை என்ன ஆகும் என்று பெரியவள் கேட்டாள். இந்தத் தாள் பழி போடுகிற தாள் இல்லை. ஆனால் சீட்டு இல்லாமல் கொடுத்ததைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால் வரலாம், வராமலும் போகலாம் என்றாள் சின்னவள். எனக்குத் தெரியாது அக்கா என்றாள். பொய்யாகவாவது ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். இந்தக் குடும்பத்தில் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

பெரியவள் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சந்தேகிக்கப்படும் மருந்து என்ற இடத்தில் மாத்திரையின் பெயரை எழுதினாள். அளவு, முந்நூறு. தொடங்கிய தேதி. நிறுத்திய தேதி. அவளுடையது வழக்கமாக யாருக்கும் புரியாத மருந்துச் சீட்டு எழுத்து. ஆனால் இன்றைக்கு ஒவ்வோர் எழுத்தும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் தெளிவாக இருந்தது. முடிவு என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள். குணமானார், குணமாகி வருகிறார் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில் ஒரு குறி போட்டாள்.

கையெழுத்து என்ற இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாம இதுல கையெழுத்துப் போட மாட்டேன். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியா அவளுக்குத் தெரியக் கூடாது."

வேறு ஒருநாள் சொல்லிக்கொள்ளலாமே என்று சின்னவள் சொல்லவில்லை. அந்தப் பெயின்டருக்கு வேறு ஒருநாள் இருக்கிறதா என்று தெரியாது.

ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார். இல்லை, வீட்டில் ஒரு வேலை என்றாள் பெரியவள். இருவரும் நடந்தே போனார்கள். தெருமுனை திரும்பும்போது பெரியவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறாள் என்பது சின்னவளுக்குக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகள்தான். யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, தினமும் எடுத்து மடித்துத் திரும்ப வைக்கிறாள். நேரங்கெட்ட நேரத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் வந்து நிற்பதைப் பார்த்தாள். பெரியவள் கையில் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள்.

பெரியவள் உட்கார்ந்தாள். அம்மா, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் ஒன்று சொன்னேன் இல்லையா என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. ஒன்பது வீட்டுக்குப் போய்ப் பேசியவளுக்குப் பெற்ற வீட்டில் நாக்கு எழவில்லை. தங்கையைப் பார்த்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். எட்டு வருடப் பாடத்தில் இதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

அம்மா சட்டையின் கையை மடித்து, நெஞ்சுப் பக்கமாகத் தடவிவிட்டாள்.

"அந்த வெள்ளை மாத்திரைதானே?"

மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள் அம்மா.

"இருபத்திரண்டு குடுத்தேன். காய்ச்சல்ல வேண்டாம்னு தலையாட்டினார், அப்பவும் அதட்டிக் குடுத்தேன். மிச்சம் எட்டு அலமாரியில இருக்கு. யாராவது வந்து கேப்பீங்கன்னு எடுத்து வெச்சேன்."

அடுத்த சட்டையை எடுத்தாள்.

"யாரும் கேக்கல."